வயல் வழியில் பிக்கப் வண்டி: இயல்வதும் இயலாததும்

கிராமத்தின் செல்வம் வயலில் விளைகிறது. அது பணமாவது சந்தையில்தான். வயலுக்கும் சந்தைக்கும் இடையே உள்ள வழியில் முதல் ஓரிரு கிலோமீட்டரே கடினமானது. தார் ரோட்டை எட்டிவிட்டால் பின்னர் எந்த வண்டியும் ஓடும். வரப்பையும் வாய்க்காலையும் ஓடையையும் கடந்து அந்த ரோட்டை எட்டுவது எவ்வாறு என்பதே விவசாயியின் கவலை.

முற்காலத்தில் இக்கவலையைத் தீர்த்தது மாட்டு வண்டி. ஏறக்குறைய ஐந்தடி உயரமுள்ள சக்கரம். அதன் நடுவே இரண்டரை அடி உயரத்தில் அச்சு. ஓர் அடி உயரமுள்ள வரப்பு அதன் வயிற்றைத் தொடுவதற்கில்லை. மேலும், மாட்டின் கால்கள் மண்ணில் ஊன்றி இழுக்க, சக்கரம் அதன்பின் உருண்டு வந்தது. சக்கரமே தன்னைத்தான் தள்ளிக்கொள்ள வேண்டிய தேவை அதற்கு இல்லை. இன்று அந்த வண்டியின் இடத்தில் யந்திர வண்டிகள் வந்துவிட்டன. வேகமும் சௌகரியமும் பெருகியுள்ளன என்பதில் ஐயமில்லை. ஆயின் அச்சு தாழ்ந்துவிட்டது, சக்கரமும் சிறுத்துவிட்டது. இதனை நம் மக்கள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

நமது வட்டாரத்தில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், காய்கறி பயிரிடும் விவசாயிகள் சிலர் கூடிப் பணம் சேர்த்து, காரைப் போல் ஓடும் சிறு பிக்கப் வண்டி ஒன்றை வாங்க முற்பட்டனர். முன்பணம் கொடுப்பதற்குச் சில நாட்கள் முன்னர் நம்மிடம் வந்து, "ஐயா, இது எங்கள் காட்டுப் பாதையில் ஓடுமா?" என்று வினவினர். எந்தப் பாதையிலும் ஓடும் என்று தங்களுக்கு உறுதி கூறப்பட்டதாகவும் தெரிவித்தனர். பல ஊர்களில் எழுகின்ற வினா இது. ஆதலின் நாம் அவர்களுக்கு எடுத்துக் கூறியவற்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம். நாம் கூற விரும்பும் கருத்து ஒன்றே: முதலில் பாதையை அளந்து அறிய வேண்டும், அதன் பின்னரே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கார் போன்ற பிக்கப் எது?

பிக்கப் வண்டிகளில் இரு வகை உண்டு. லாரியில் உள்ளதைப் போன்ற கனத்த இரும்புச் சட்டத்தை முதலில் அமைத்து, அதன்மீது முன்னறையையும் சுமைத் தொட்டியையும் தனித்தனியே பொருத்துவது ஒரு வகை. அச்சட்டத்தைச் சேஸிஸ் என்பர். தனிச் சட்டம் இல்லாமல், தளமும் பக்கங்களும் தூண்களும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, உடற்கூடே பாரத்தைத் தாங்குமாறு செய்வது மற்றொரு வகை. இக்காலக் கார்களின் அமைப்பு இதுவே.

காரையும் சுமை வண்டியையும் ஒன்றாக்கும் எண்ணம் ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்தே பிறந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1930-களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு விவசாயியின் மனைவி போர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் தேவாலயத்துக்குச் செல்லவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஏற்ற ஒரே வண்டி தேவை என்பது அவருடைய கோரிக்கை. அக்கம்பெனியின் ஜிலாங் தொழிற்சாலையில் பணியாற்றிய லூயிஸ் பாண்ட் என்ற இளைஞர், காரின் முன்னறையையும் சுமைத் தொட்டியையும் ஒரே உடலாக இணைத்து ஒரு வண்டியை வரைந்தார். 1934-ல் அது விற்பனைக்கு வந்தது. அந்நாட்டார் அதனை 'யூட்' என்று சுருக்கி அழைத்தனர். 1951-ல் ஹோல்டன் கம்பெனியும் இத்தகைய வண்டியை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவிலேயே செய்யப்பட்ட இந்தக் கார் வழி யூட்கள் 2016, 2017-ஆம் ஆண்டுகளில் நின்றுவிட்டன.

ஜப்பானின் சுபாரு கம்பெனி செய்த சிறு பிக்கப் ஒன்று, பிரம்பி என்ற பெயரில் 1978 முதல் 1994 வரை ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்டது. அது சாதாரணமாக முன் சக்கரங்களால் ஓடும். தேவையான இடத்தில் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் நான்கு சக்கரங்களும் இயங்கும். எடை குறைந்த வண்டியாதலின் ஈர நிலத்திலும் எளிதாகச் சென்றது. பண்ணையாளர் பலர் அதனை விரும்பினர். அமெரிக்காவில் ஹோண்டா ரிட்ஜ்லைன் 2005-லும், போர்டு மேவரிக் 2021-லும் வெளிவந்தன. பிரேஸிலில் பியட் ஸ்ட்ராடா 1998 முதல் ஓடி வருகிறது.

நம் ஊர்களில் மக்கள் 'குட்டியானை' என்று அன்புடன் அழைக்கும் சிறு சரக்கு வண்டிகளும், கார் எஞ்சின் பொருத்திய சிறு பிக்கப்களும் முழுவதும் இவ்வினத்தைச் சேர்ந்தவை எனக் கூற இயலாது. எனினும் சிறு சக்கரம், தாழ்ந்த வயிறு, இரு சக்கர இயக்கம் ஆகியவற்றால், கீழே கூறப்படும் கணக்குகளில் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும்.

கூடு தாங்கும் வண்டியின் நிறை குறைகள்

உடற்கூடே தாங்கும் வண்டியில் தனிச் சட்டத்தின் எடை இல்லை. ஆகவே எரிபொருள் குறைவாகச் செலவாகும். சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் வண்டிகளில், மேடு பள்ளமான மண் ரோட்டில் அதிர்ச்சி குறைவு. தக்காளி போன்ற மென்மையான சரக்கு நசுங்காமல் சந்தையைச் சேரும். சரளை ரோட்டில் இத்தகைய வண்டி கனத்த பிக்கப்பைவிட நிதானமாகவும் பாதுகாப்பாகவும் ஓடும். இவை குறைவான நன்மைகள் அல்ல. பெரும்பாலான கிராமப் பாதைகளுக்கு இவ்வளவே போதும்.

குறை எங்கே தோன்றுகிறது? ஒரு சக்கரம் பள்ளத்திலும் எதிர்மூலைச் சக்கரம் மேட்டிலும் நிற்கும்போது வண்டியின் உடல் முறுக்கப்படுகிறது. எப்போதேனும் இவ்வாறு நேர்ந்தால் தீங்கில்லை. முழுச் சுமையுடன் நாள்தோறும் முறுக்குண்டால், பற்றவைத்த இடங்கள் தளரத் தொடங்கும். கதவுகள் சரியாகப் பொருந்தாமற் போகும். சேஸிஸ் வளைந்தால் சட்டத்தைத் தனியே நிமிர்த்தலாம். கூடு வளைந்தால் பழுது பார்ப்பது கடினம், செலவும் மிகுதி.

வயிற்றின் உயரம்

வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்து தொங்கும் உறுப்பு எதுவோ, தரையிலிருந்து அதுவரை உள்ள உயரமே வயிற்றின் உயரம். கார் போன்ற பிக்கப்களில் இது பெரும்பாலும் 18 முதல் 22 செ.மீ. வரை இருக்கும், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவும் வெற்று வண்டிக்கு உரியது. சுமை ஏறியதும் வில் அமுங்கி, பின்புறம் இரண்டு மூன்று அங்குலம் தாழலாம். ஆகவே அளக்க விரும்புவோர் சுமையேற்றிய வண்டியையே அளக்க வேண்டும்.

டிராக்டர் சென்ற வழியெல்லாம் பிக்கப்பும் செல்லும் என எண்ணுவது பெருந்தவறு. டிராக்டரின் பெரிய சக்கரங்கள் ஈரமண்ணில் இரு ஆழ்ந்த தடங்களை வெட்டிவிடுகின்றன. நடுவே மண் திட்டு நிற்கிறது. அதே தடத்தில் பிக்கப் இறங்கினால், திட்டு வயிற்றைத் தாங்கிக்கொள்ளும். சக்கரங்கள் தரையை அழுத்தமாகத் தொடாமல் வீணே சுழலும். அவ்வாறு நேர்ந்தபின் எஞ்சினின் வலிமை எவ்வளவாயினும் பயனில்லை.

வயிற்றின் உயரத்தோடு மூன்று கோணங்களையும் கவனித்தல் வேண்டும். ஏற்றத்தில் மூக்கு இடியாமல் ஏறுவதற்கு ஒரு கோணம். இறங்கும்போது வால் இடியாமல் இருப்பதற்கு ஒரு கோணம். மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் இருப்பதற்கு ஒரு கோணம். காரைப் போன்ற வண்டியில் முன் பம்பர் சக்கரத்துக்கு முன்னே நீண்டு தாழ்ந்திருப்பதால், மூக்கே முதலில் இடிக்கும்.

உச்சியில் வயிறு தட்டுவதற்குச் சக்கரங்களின் இடைவெளி முக்கியக் காரணம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டரும், வயிற்றின் உயரம் 20 செ.மீட்டரும் உள்ள வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரப்பின் இருபுறமும் சரிவு ஏழரைக்கு ஒன்றைவிடச் செங்குத்தானால் உச்சி வயிற்றைத் தொட்டுவிடும். சுமையினால் வயிறு 15 செ.மீட்டராகத் தாழ்ந்தால் சரிவு பத்துக்கு ஒன்று என்ற அளவில் இருத்தல் வேண்டும். விவசாயிகள் நினைவிற் கொள்ள வேண்டிய கணக்கு இது: ஓர் அடி உயரமுள்ள வரப்பைக் கடக்க, இருபுறமும் பத்துப் பத்து அடி நீளத்துக்கு மண் சரிவு அமைத்துக் கெட்டிக்க வேண்டும். இரண்டு நாள் மண்வெட்டி வேலையில் முடிவது இது. புது வண்டி வாங்கினாலும் இதனைச் செய்யாமல் தீராது.

சக்கரத்தின் பிடி

எஞ்சினின் ஆற்றலை இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுப்பது டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரப் பெட்டி. வளைவில் வெளிச் சக்கரம் மிகுதியாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுற்ற இது இடம் கொடுக்கிறது. ஆனால் சேற்றில் இதுவே இடையூறாகிறது. நுகத்தடி நடுவில் ஒரு முளையில் மட்டும் கட்டப்பட்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். ஒரு மாடு கால் வழுக்கிப் பின்வாங்கினால் நுகம் திரும்பிவிடும். மற்ற மாட்டின் வலிமையும் வண்டியை இழுக்கப் பயன்படாது. அவ்வாறே ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்த அற்ப வலிமையே கிடைக்கும். இக்கால வண்டிகள் பலவற்றில், வீணே சுழலும் சக்கரத்தைப் பிரேக் தானாகவே பிடித்து இக்குறையை ஓரளவு தீர்க்கிறது. சில வண்டிகளில் டிபரன்ஷியலைப் பூட்டும் வசதி உண்டு. அது மேலானது.

நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டி என்றால் எங்கும் செல்லும் என்று பலர் கருதுகின்றனர். அதிலும் வகை உண்டு. ரிட்ஜ்லைன் போன்ற வண்டிகளில் முன் சக்கரம் வழுக்கும்போது, கிளட்ச் ஒன்று தானாக இறுகி, பின் சக்கரங்களுக்கு ஆற்றலை அனுப்புகிறது. ஈரமான புல்லிலும் வழுக்கும் சரளையிலும் இது மிக நன்றாகப் பயன்படும். முதலில் வந்த ரிட்ஜ்லைனில் இதனைப் பூட்டுவதற்கு ஒரு பொத்தானும் இருந்தது. ஆயினும் மணிக்கு 18 மைல், அதாவது சுமார் 29 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் அப்பூட்டு விலகிவிடும். ஆழ்ந்த மணலில் நெடுநேரம் சக்கரம் சுழன்றால் கிளட்ச் சூடேறும். பழுதாகாமல் தன்னைக் காத்துக்கொள்ளப் பின் சக்கரங்களை விடுவித்துவிடும். அதாவது மிகவும் தேவைப்படும் வேளையிலேயே துணை நின்றுபோகலாம். பிரம்பியின் அமைப்பு இதற்கு மாறானது. நெம்புகோலைத் தள்ளியதும் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டப்படும். ஆனால் அவ்வாறு பூட்டியபடி உலர்ந்த தார் ரோட்டில் ஓட்டினால் பற்சக்கரங்கள் முறுக்குண்டு பழுதாகும்.

இன்னொரு குறையையும் கூறுவோம். தனித்தனியே ஏறி இறங்கும் சக்கரங்கள் பள்ளத்தில் ஓரளவுக்குமேல் கீழே தொங்கமாட்டா. ஆகவே வாய்க்காலைச் சாய்வாகக் கடக்கும்போது எதிர்மூலைச் சக்கரங்கள் இரண்டும் நிலத்தை விட்டுத் தூக்கிவிடும். நேராகச் சென்றால் மூக்கு இடிக்கிறது. சாய்வாகச் சென்றால் சக்கரம் தூக்குகிறது. இவ்விரண்டும் ஒருங்கே நேரும் இடமே இவ்வண்டியின் எல்லை. அங்கே வேகமாக ஓட்டித் தாண்ட முயல்வது வண்டியை உடைப்பதாகும். பள்ளத்தை நிரப்புவதே வழி.

சுமையும் சரிவும்

ஸ்ட்ராடாவின் இரு வகைகளும் 650, 720 கிலோ எடையைத் தாங்குவன. மேவரிக் சுமார் 680 கிலோ தாங்குகிறது. 700 கிலோ என்பது 50 கிலோ மூட்டைகள் பதினான்கு. அந்த எடையில் ஓட்டுநரும் உடன் செல்வோரும் அடக்கமா என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கணக்கில் ஆட்களின் எடையும் அதில் சேர்ந்ததே. ஆகவே மூவர் அமர்ந்தால் நான்கு மூட்டைகளைக் குறைக்க வேண்டும். மேலும் கையேட்டில் உள்ள அளவு நல்ல ரோட்டுக்கு உரியது. குண்டு குழியில் வண்டி துள்ளி விழும்போது அதே சுமை பன்மடங்காக அடிக்கும். கரடான பாதையில் பதினான்கு மூட்டைகளுக்குப் பத்து மூட்டைகளாக ஏற்றி, இரு நடையாகக் கொண்டு செல்வது சிக்கனமாகும்.

முன் சக்கர இயக்கமுள்ள வண்டியில் சுமை பின்னே ஏறினால் முன்புறம் இலேசாகும். ஏற்றத்தில் அது மேலும் இலேசாகி, முன் சக்கரங்கள் வழுக்கும். பின் சக்கர இயக்கமுள்ள வண்டி இதற்கு நேர்மாறானது. வெறுமையாக இருக்கும்போது வழுக்கும், சுமையோடு ஏறும். ஏறுவழி உள்ள ஊரினர் இவ்வேறுபாட்டை அறிந்து வாங்க வேண்டும்.

உண்மையான மலைப்பாதை பிக்கப்களில், வேகத்தைக் குறைத்து வலிமையைப் பெருக்கும் இரண்டாவது கியர்த் தொகுதி உண்டு. கார் போன்ற இக்கால வண்டிகளில் அது பெரும்பாலும் இல்லை. அதனால் கல் ஏற்றத்தில் ஓட்டுநர் கிளட்சைப் பாதி மிதித்தவாறே ஏற நேர்கிறது, கிளட்ச் கருகுகிறது. இறக்கத்திலோ ஆபத்து மிகுதி. பிரேக்கை மட்டும் நம்பி நெடுந்தூரம் இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறக்கம் தொடங்குவதற்கு முன்னரே முதல் அல்லது இரண்டாவது கியரில் போட்டுக்கொள்ள வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவது உயிருக்கே உலை வைப்பதாகும்.

மண்ணும் மணலும்

கெட்டியான செம்மண்ணிலும் சரளையிலும் இவ்வண்டி நன்றாக ஓடும். கரிசல் நிலம் அவ்வாறன்று. மழை பெய்த கரிசல் மண் டயரின் வரிகளில் அப்பிக்கொண்டு, சக்கரத்தை வழவழப்பான உருளையாக்கிவிடும். நான்கு சக்கர இயக்கமும் அங்கே பெரிதும் உதவாது. மண் காயும்வரை காத்திருப்பதே அறிவுடைமை. மேலும், ஈரத்தில் ஓட்டி உண்டாக்கிய தடம் கோடை முழுவதும் அனைவரையும் வருத்தும்.

மணலில் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால், அது அகன்று படிந்து புதையாமல் செல்லும். ஆனால் சுமையேற்றிய வண்டியில் இதனைச் செய்வது தகாது. காற்றைக் குறைத்தவர் தார் ரோட்டில் ஏறுமுன் மீண்டும் நிரப்பியே தீர வேண்டும். காற்றடிக்கும் பம்பு உடன் இல்லாதவர் காற்றைத் திறக்காதிருப்பதே நன்று. காரின் டயர்களுக்குப் பக்கச் சுவர் மெல்லியது என்பதையும், கூரிய கல்லும் வேலமுள்ளும் அதனை எளிதிற் கிழிக்கும் என்பதையும் மறத்தல் கூடாது.

ஓடை நீர்

நாம் மிகவும் வற்புறுத்திக் கூற விரும்புவது இதுவே. எந்தப் பிக்கப்பும் படகு அன்று. ஆயினும் நீரில் அது படகைப் போல் மிதக்கத் தொடங்கும்; ஆபத்து அதனால்தான். அடிப்பாகம் 3 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் மூடியதாக இருக்குமாயின், அதன் தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ. நீரும் ஏறக்குறைய 450 கிலோ எடையைத் தூக்கும். நீர் உள்ளே புகுந்து நிறையும்வரை இத்தூக்கல் இருக்கும். 1,200 கிலோ எடையுள்ள வெற்று வண்டியில் 20 செ.மீ. நீர் ஏறினால் 900 கிலோ குறைந்துவிடுகிறது. எஞ்சிய சிற்றெடையால் சக்கரம் தரையைப் பற்ற இயலாது. ஓடும் நீர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். ஓர் அடி ஆழமுள்ள விரைந்த நீர் பெரும்பாலான கார்களையும், இரண்டடி நீர் பிக்கப்களையும் அடித்துச் செல்லும் என்று அமெரிக்க வானிலைத் துறை அந்நாட்டு மக்களை எச்சரித்து வருகிறது. மேலும், எஞ்சின் காற்று இழுக்கும் குழாயில் நீர் புகுந்தால் எஞ்சின் நொடியில் உடைந்து நிற்கும்.

தொட்டியில் ஆட்களை நிறுத்தி ஓடையைக் கடத்தல் ஒருபோதும் கூடாது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டத்துக்கு மாறானது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் இழப்பீடு பெறுவதும் அரிதாகும்.

நாம் அளந்த பாதை

முன்னே கூறிய சிற்றூரின் விவசாயிகளுடன் நாம் ஒரு நாள் காலையில், கடைக்கோடித் தோட்டத்திலிருந்து தார் ரோடு வரை நடந்தோம். அளக்கும் நாடா ஒன்றும், ஒரு சாண் உயரத்தில் அடையாளமிட்ட கோல் ஒன்றுமே நம் கருவிகள். மூன்று இடங்கள் தடையாகத் தோன்றின. முதலாவது, ஒன்றேகால் அடி உயரமுள்ள ஏரிக்கால் வரப்பு. இரண்டாவது, கற்கள் துருத்தி நின்ற ஓர் ஏற்றம். மூன்றாவது, ஊருக்கும் ரோட்டுக்கும் இடையே ஓடும் காட்டோடை.

முதல் இரண்டையும் கண்டு நாம் கலங்கவில்லை. வரப்பின் இருபுறமும் பன்னிரண்டரை அடி நீளத்துக்குச் சரிவு அமைத்தால் போதும். ஏற்றத்தில் துருத்திய கற்களைப் பெயர்த்து, பள்ளங்களில் நிரப்பி, மேலே சரளை பரப்பலாம். ஓடையண்டை வந்தபோது, உடன் வந்த பஞ்சாயத்து அங்கத்தினரான ஓர் அம்மையார் நம்மை நோக்கி, "மழைக் காலத்தில் இரவு நேரத்தில் பிள்ளைவலி எடுத்தால் இனி இந்த வண்டியில் தாண்டிவிடலாம் அல்லவா, ஐயா?" என்று கேட்டார். காய்கறிக்காக மட்டும் அவர்கள் இவ்வண்டியை வேண்டவில்லை என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. வண்டி வந்துவிட்டால் பாலத்துக்கு அவசரமில்லை என்று ஊரில் சிலர் பேசிக்கொண்டிருந்ததும் பின்னர்த் தெரிய வந்தது.

"தாண்ட இயலாது, அம்மா, தாண்ட முயலவும் கூடாது" என்றே நாம் விடையிறுத்தோம். அவர் முகம் வாடியது உண்மை. ஆனால் இவ்விடத்தில் இனிப்பாகப் பேசுவது ஓர் உயிருக்கு, ஒருவேளை இரண்டு உயிர்களுக்கு, விலையாகலாம். அன்று மாலை ஊரார் கூடியிருந்து சில முடிவுகளைச் செய்தனர். ஓடைக் கரையில் ஒரு கல்தூண் நட்டு, அரை அடி உயரத்தில் சிவப்புக் கோடிடுவது. நீர் அக்கோட்டைத் தொட்டாலும், அதற்குக் குறைவாயினும் வேகமாக ஓடினாலும் வண்டியை இறக்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வண்டியை ரோட்டுப் பக்கக் கரையிலேயே நிறுத்திவைப்பது. பேறுகாலம் நெருங்கிய தாய்மாரை மழை தொடங்கும் முன்னரே அக்கரையிலுள்ள உறவினர் இல்லத்தில் தங்கச் செய்வது. பாலத்துக்கான கோரிக்கையைக் கைவிடாமல் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவருவது.

முன்பணம் அன்று கொடுக்கப்படவில்லை. வரப்பும் ஏற்றமும் சீரானபின், சுமையோடு ஏறக்கூடிய பின் சக்கர இயக்கமுள்ள சிறு வண்டி ஒன்றை அவர்கள் வாங்கினர். நான்கு சக்கர இயக்கத்துக்காகக் கூடுதல் பணம் செலவிடத் தேவையிருக்கவில்லை. மழை மாதங்கள் நீங்கலாக மற்றைய மாதங்களில் அது தோட்டம் வரை சென்று வருகிறது. பாலம் இன்னும் கட்டப்படவில்லை. தீர்மானம் நிறைவேறியிருக்கிறது, மேல் நடவடிக்கையை நாம் தொடர்ந்து கவனித்து வருகிறோம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் வண்டி வாங்குமுன் தங்கள் பாதையை ஒருமுறை கோலுடன் நடந்து பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறோம். எந்த இடத்தில் வயிறு தட்டும், எங்கே சக்கரம் தூக்கும், எங்கே நீர் ஏறும் என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்க. மண்வெட்டியால் தீர்வது எது, பணத்தால் தீர்வது எது, பாலத்தால் மட்டுமே தீர்வது எது எனப் பகுத்துப் பார்க்க. நல்ல வண்டி நல்ல பாதைக்குத் துணை; அது பாதைக்கு ஈடாகாது. பாதையைச் சீர்செய்யும் ஊரில் சிறு வண்டியும் பெரும்பயன் தரும்.